ஆடி மாதத்து எழுத்துகள்

"வசந்தா யார்?"

திரையில் ஆங்கிலத்தில் இவ்வளவுதான் இருந்தது. கேட்டவர் ஹென்ரிக் என்ற ஒரு வெளிநாட்டுக்காரர். கேட்ட இடம், இணைய வசதி உள்ள எவரும் வந்து படித்துவிட்டுப் போகக்கூடிய ஒரு பொதுப் பக்கம். நான் உட்கார்ந்திருந்தது மிஷன் வீதியில் என் நண்பன் ஜெரால்டு வைத்திருந்த பிரவுசிங் சென்டரில், இரண்டாம் நம்பர் தடுப்பில்.

காலை ஏழரை மணி இருக்கும். ஜெரால்டு மாதா படத்துக்குக் கீழே இருந்த சின்ன பல்பைப் போட்டுவிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தான். பினாயில் வாசனை மூக்கில் ஏறியது.

எனக்கு வசந்தா என்று யாரையும் தெரியாது. ஆனாலும் நான் முதலில் செய்த காரியம், பின்னால் யாராவது நின்று படிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பெரிய மனிதன் ஆக ஒரு வழி

சட்டைப்பையில் பென் டிரைவ் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வது கௌரவமாக இருந்த காலம் அது. நான் காமராஜர் சாலையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் வாத்தியார். தவளக்குப்பத்திலிருந்து தினமும் பஸ். நோணாங்குப்பம் பாலம் தாண்டும்போது என் கையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று விரிந்திருக்கும். படிப்பதற்கு அல்ல, பக்கத்து சீட்டுக்காரர் பார்ப்பதற்கு.

லினக்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. யாரும் விற்காத, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய இயங்குதளம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் மையத்தில் ஆறு பேர் கூடுவோம். நான் மென்பொருள் சுதந்திரம் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவேன். மற்ற ஐந்து பேர் போண்டா வரும்வரை கேட்பார்கள்.

அந்தச் சமயத்தில் சென்னைக்காரர்கள் இரண்டு பேர் தாங்கள் எழுதிய நிரல்களை அந்த இயங்குதளத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. புதுச்சேரியின் பங்கு பூஜ்யம். அந்த மானம் என் தலையில்தான் தொங்குகிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

சேர்ப்பது என்றால் சும்மா இல்லை. நிரலை ஒரு பொதியாகக் கட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தது, எந்த நிபந்தனையில் தருகிறார், கணினியில் எங்கே போய் உட்காரும், வேண்டாமென்றால் எப்படிக் கிளம்பும் என்று எல்லாம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் சம்பளம் இல்லாமல் அதைப் பிரித்துப் பார்த்துக் குறை சொல்வார். திருத்தினால் மறுபடி பார்ப்பார். அவர் சரி என்று சொன்னால்தான் கதவு திறக்கும். அதன் பிறகு உலகத்தில் எவரும் ஒரு வரி தட்டி அதை இறக்கிக்கொள்ளலாம்.

என் நிரல் கல்யாணப் பத்திரிகை செய்வது. மணமகன், மணமகள், முகூர்த்தம் எல்லாம் கொடுத்தால் பத்திரிகையை அதுவே அடுக்கித் தரும். சொல்லும்போது பெரிதாக இருக்கிறது. உண்மையில் அதில் பார்க்கும்படியாக இருந்தது எழுத்துருதான்.

அந்த எழுத்துரு எங்கள் ஊர் டி.டி.பி. கடைகள் அத்தனையிலும் இருந்தது. கொழுக்மொழுக்கென்று, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு கடையில் சிடியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். யார் செய்தது என்று கேட்கத் தோன்றவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவன் மோட்டார் யாருடையது என்றா கேட்கிறான்?

அது பழைய முறையில் இருந்ததால் யூனிகோடு என்கிற ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. எழுத்து எழுத்தாக எடுத்து, இடம் மாற்றி, இடைவெளி சரிசெய்து, மூன்று மாதம் உழைத்தேன். மூன்று மாதம் ஒன்றைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது நம்முடையது போலத் தோன்றிவிடும். 'வேலன்' என்று பெயர் வைத்தேன். என் பெயர் குமரவேல் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 'ஆசிரியர்' என்ற இடம் வந்தபோது என் பெயரைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

நல்ல குடும்பத்துப் பையன்

விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று முடித்தேன். இரண்டு வாரம் ஒரு பதிலும் இல்லை.

எங்கள் வீட்டில் போர்வெல்லுக்குக் கரண்ட் இழுக்க அப்பா மனு கொடுத்து ஒன்றரை வருடம் அலைந்தார். கடைசியில் யாரோ ஒருவருடைய மச்சினர் ஒரு வார்த்தை சொல்லி ஒரே வாரத்தில் கம்பி வந்துவிட்டது. "மனு தானா நடக்காதுடா, நாமதான் கைபுடிச்சி நடத்தணும்" என்பார் அப்பா. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அந்தப் பாலை இணையத்திலும் குடிக்கலாம் என்று நினைத்தேன்.

ஜெரால்டிடம் சொன்னேன். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பேச்சில் பாதி பிரெஞ்சு; 'சரி' என்பதற்கு 'பொன்', கடிதத்துக்கு 'லெத்ர்'.

"பொன், இதுக்கு ஒரு லெத்ர் வேணும் மச்சான்" என்றான். "எங்கப்பா பென்ஷனுக்கே மூணு லெத்ர் கேட்டாங்க. உன்னப் பத்தி எவனுக்குத் தெரியும் அங்க? நான் எழுதறேன் நகரு."

அந்தப் பொதுப் பக்கத்தில், என் விண்ணப்பத்துக்கு நேர் கீழே, ஜெரால்டு ஆங்கிலத்தில் எழுதினான்: 'திரு. குமரவேலை எனக்கு ஒன்பது ஆண்டுகளாக நேரில் தெரியும். மரியாதையான விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நன்னடத்தை உள்ளவர். ஆகவே இவருடைய பொதியை ஏற்றுக்கொள்ளலாம்.'

படித்துப் பார்த்து எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

மூன்றாம் நாள் ஹென்ரிக் வந்தார். அவர் ஏதோ ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணினி பார்ப்பவர் என்றும், மதிய உணவு இடைவேளையில் இந்த வேலையைச் செய்கிறார் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அவர் எழுதியது: 'திரு. குமரவேல் நல்லவர் என்பதில் மகிழ்ச்சி. நான் பார்க்க வேண்டியது பொதியை.'

அதற்குக் கீழே குறைகள் வரிசையாக இருந்தன. நிரலின் விவரத்தில் 'உலகத்தரம் வாய்ந்த' என்று நான் எழுதியிருந்ததை எடுக்கச் சொன்னார், அது விவரம் அல்ல, விளம்பரம் என்று. வெறும் குறிப்புகள் மட்டும் உள்ள கோப்பை ஓடும் நிரல் என்று நான் குறித்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். பொதியை நீக்கினால் அது தன் பாதிச் சாமான்களை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறது என்றும் சொன்னார். அவர் தன் கணினியில் போட்டு, நீக்கி, எதெது மிச்சம் என்று பட்டியலே கொடுத்திருந்தார்.

பால் அளக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுப்பதா என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து திருத்தினேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எழுதிய ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த முதல் மனிதர் அவர்தான். திட்டினாலும் படித்தாரே என்று உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் வசந்தா வந்தாள்.

கொக்கி வைத்தவன் கதை

எழுத்துருக் கோப்புக்குள் அதைச் செய்தவர் பற்றிக் குறிக்க ஒரு மூலை உண்டு. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஹென்ரிக் பார்த்தார். அதில் 'வசந்தா, சிஸ்டம் 3' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. என் விண்ணப்பத்திலோ ஆசிரியர் குமரவேல். அதனால்தான் கேட்டார்.

பத்து நிமிடம் யோசித்து, 'அது கணினியின் பெயர்' என்று பதில் எழுதினேன்.

ஜெரால்டு துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தான். "டேய், மிஷினுக்கு எவன்டா வசந்தான்னு பேரு வெப்பான்?"

"சிஸ்டம் த்ரீன்னு போட்டிருக்குல்ல? அந்த சிஸ்டத்தோட பேரு" என்றேன்.

"அப்ப சிஸ்டம் ஒண்ணு, ரெண்டுக்கெல்லாம் என்னா பேரு? மாலாவா, கலாவா?"

அந்தப் பக்கத்தில் எழுதியதை அழிக்க முடியாது. என் பொய் இன்றும் அங்கே இருக்கிறது. விலாசம் தரமாட்டேன், கேட்காதீர்கள்.

மறுநாள் ஹென்ரிக்கின் பதில் வந்தது. அவர் நம்பிவிட்டார். 'அப்படியா, புரிந்தது. இவ்வளவு வடிவங்களை ஒருவர் வரைவது பெரிய வேலை. எப்படி வரைந்தீர்கள் என்று நேரம் இருந்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.' அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். என் மனைவி சுமதி தையல் மிஷினில் இருந்தபடியே அதை வாங்கிப் படித்தாள்.

"யாரு வசந்தா?"

முழுக் கதையையும் சொன்னேன். ஒருங்குறி பற்றியும் என் மூன்று மாத உழைப்பு பற்றியும் விரிவாகவே சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நான் தெச்ச ஜாக்கெட்டுக்கு நீங்க கொக்கி வெச்சா, ஜாக்கெட்டு நீங்க தெச்சதாயிடுமா?"

அச்செடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

டி.டி.பி. கடைகளில் விசாரித்தேன். மூன்று கடை முதலாளிகள், மூவரும் "அது நம்ம கடை ஃபாண்டு சார்" என்றார்கள். என்னைப்போல இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நாலாவது கடையில் ஒரு பெண் தலையைத் தூக்காமலே சொன்னார்: "வசந்தாக்கா போட்டது. முத்தியால்பேட்டைல இருந்தாங்க. இப்ப மூலக்குளத்துல ஒரு ஜெராக்ஸ் கடைல இருக்காங்க."

மூலக்குளம்

கடையில் ஒரு ஜெராக்ஸ் மிஷினும், கண்ணாடிக் கூண்டுக்குள் எஸ்.டி.டி. போனும் மட்டும்தான். வசந்தாவுக்கு என் வயதுதான் இருக்கும். யாருடைய ரேஷன் கார்டையோ நகலெடுத்துக்கொண்டிருந்தார். மிஷினின் பச்சை வெளிச்சம் முகத்தில் வந்து வந்து போனது.

"ஒரு காப்பியா, ரெண்டா?"

"காப்பி இல்லீங்க. நீங்க முத்தியால்பேட்டை டி.டி.பி. சென்டர்ல இருந்தவங்கதான?"

"ஆமா, மூணாவது சிஸ்டத்துல. அத வுட்டு மூணு வருஷம் ஆவுதே. என்னா விஷயம் சார்?"

எழுத்துகளை அச்சிட்ட தாளை நீட்டினேன். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"நான் போட்டதுதான்" என்றார். "பத்திரிகை அடிக்க வர்றவங்கல்லாம் எழுத்து எறும்பு மாரி இருக்குது, வயசானவங்களுக்குத் தெரியலன்னு சொல்லுவாங்க. ஆடி மாசத்துல கல்யாணம் கெடையாது, நமக்கும் வேல கெடையாது. சும்மா குந்திகினு இருக்கறதுக்கு வரைஞ்சிப் பாத்தேன். ரெண்டு ஆடி, ஒரு மார்கழி ஆச்சு."

கல்யாணம் இல்லாத மாதங்களாகப் பார்த்துப் பொறுக்கி, கல்யாணத்துக்கென்று எழுத்து வரைந்திருக்கிறார். நான் என் மூன்று மாதத்தை வாய்க்குள்ளேயே விழுங்கினேன்.

பிறகு வழக்கம்போலச் சுதந்திரச் சொற்பொழிவு. இந்த எழுத்தை உலகத்தில் யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம், அதற்கு நீங்கள் இந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

"இப்பவும் எல்லாரும் எடுத்துகினுதான இருக்காங்க?"

"இப்ப கேக்காம எடுக்கறாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா நீங்க கொடுத்ததா ஆவும். உங்க பேரு இருக்கும்."

"எங்க இருக்கும்?"

இதற்காகவே காத்திருந்தவன்போல, விண்ணப்பத்தின் அச்சுப்படியைப் பிரித்து, ஆசிரியர் என்ற இடத்தில் விரலை வைத்தேன். அவர் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கு... ம... ர... வேல். இது யாரு சார்?"

மாற்ற மறந்திருந்தேன். இவ்வளவு தேடி, பஸ் ஏறி, அந்தத் தாளையே கையில் எடுத்துக்கொண்டு வந்து, விரலையும் வைத்துக் காட்டியிருக்கிறேன்.

"நான்தான்" என்றேன்.

ஒருவர் சாதிச் சான்றிதழ் நகலெடுக்க வந்தார். வசந்தா எடுத்துக் கொடுத்து அனுப்பினார். நான் அங்கேயே நின்றேன். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், அனுமதித் தாளை மட்டும் எடுத்து வெள்ளைத் தாள் கட்டுக்கு அடியில் வைத்தார்.

"யோசிச்சி சொல்றேன் சார்."

வில்லியனூர் சாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவமானமாக இருந்தது. அப்பட்டமாகச் சொன்னால், திருடிவிட்டுப் பொருளுக்குச் சொந்தக்காரியிடமே ரசீது கேட்கப் போனவன் நான்.

மறுநாள் காலை ஹென்ரிக்குக்கு உண்மையை எழுதினேன். வசந்தா ஒரு மனிதர், வரைந்தவர் அவர், நான் பொய் சொன்னேன். அவ்வளவுதான், ஆனால் எழுத ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது. ஹென்ரிக் எழுதினார்: 'சொன்னதற்கு நன்றி. அவர் அனுமதித்தால் தொடர்வோம். மறுத்தால் இது வராது. அவசரப்படுத்தாதீர்கள்.'

ஞாயிற்றுக்கிழமைகள்

மூன்று வாரம் போனது. "வேற ஃபாண்டு போட்டுக்கயேன் மச்சான்" என்றான் ஜெரால்டு. போட்டுப் பார்த்தேன். பத்திரிகை முழுக்க எறும்பு ஊர்ந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்த விஷயத்தைப் பேசாமல் சுற்றி வளைத்துப் போனேன். ஐந்து பேரும் கவனித்தார்கள், யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் பயிற்சி மையத்துக்குப் போன் வந்தது.

"சார், வசந்தா பேசறேன். கையெழுத்துப் போடறேன். ஆனா அந்த ஞ இருக்குதுல்ல, அது எனக்குப் புடிக்கல. அவசரத்துல பண்ணது. ஞாயித்துக்கெழமை முகூர்த்தம்னு வந்தாலே என் கண்ணு அங்கதான் போவும். அத சரி பண்ணிட்டுதான் பேரு போடணும்."

"அது நல்லாதான் இருக்குதுங்க. யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றேன். சென்னைக்காரர்கள் மூன்றாவது பொதிக்கு விண்ணப்பித்திருந்தார்கள்.

"உங்க பேருல இருந்தப்ப யாரும் கவனிக்கல சார். எம் பேருல வந்தா நான் கவனிப்பேன்."

நாலு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் கணவர் காலையில் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு மதியம் வந்து கூட்டிப்போவார். விடுமுறை நாள் என்பதால் மையத்தில் நாங்கள் இருவரும், துணைக்குச் சுமதியும் அவள் தையலும்தான். ஒரு ஞ-வுக்காக வந்தவர் முப்பது எழுத்துகளைத் திருத்தினார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொல்வேன். "சார், கொஞ்சம் அப்பால ஒக்காருங்க, வெளிச்சம் மறைக்குது" என்பார்.

ஓர் இடத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. "இத யாரு இப்டி நெருக்கி வெச்சது?" என்று கேட்டார். "தெரியலீங்க" என்றேன். சுமதி தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் மூன்று மாத உழைப்பில் பெரும்பகுதி அன்று போய்ச் சேர்ந்தது.

எழுத்துருவுக்கு 'வேலன்' வேண்டாம் என்றார். என்ன வைக்கலாம் என்று கேட்டேன். 'ஆடி' என்றார். அனுமதித் தாளில் தமிழில் கையெழுத்துப் போட்டார். அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஹென்ரிக் ஒரே ஒரு சொல் எழுதினார்: ஏற்கப்பட்டது. ஜெரால்டு தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

அடுத்த ஞாயிறு வசந்தாவை வரச் சொல்லியிருந்தேன். அவர் எதிரிலேயே ஒரு வரி தட்டினேன். எங்கேயோ ஒரு நாட்டிலிருந்து பொதி இறங்கி வந்து உட்கார்ந்தது. விவரப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துரு: ஆடி. ஆசிரியர்: வசந்தா. பொதி கட்டியவர் என்று கீழே சின்னதாக என் பெயர்.

அவர் நிதானமாகப் படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தயங்கிக்கொண்டே கேட்டார்.

"சார், இதுல ஒண்ணு நான் எடுத்துக்கலாமா?"

"எதுல?"

"இந்த எழுத்துலதான். எங்கிட்ட கெடையாது. வேலைய வுட்டு நிக்கும்போது கடையிலேந்து எதையும் எடுத்துகினு போவக் கூடாதுன்னுட்டாங்க. நானும் எடுக்கல. வீட்ல சிஸ்டம் இல்லதான், இருந்தாலும் வெச்சிக்கறேன்."

ஊரிலுள்ள அத்தனை கடையிலும் அந்த எழுத்து இருந்தது. நாலு ஞாயிறும் என் கணினியில் திருத்திவிட்டு அவர் வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறார். எனக்கு அது உறைக்கவே இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொல்ல நான் யார் என்று தோன்றி மூடிக்கொண்டேன்.

ஒரு புது சிடியை எடுத்துச் செருகினேன். பழைய டிரைவ், எழுதி முடிக்க ஆறேழு நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பக்கம் திரும்பவில்லை.